மாமனார் புயலான புதன்கிழமை

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கையும் காலும் திடமாக, காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போன என் மாமனாருக்கு எழவு வீடு நடத்தியவள் நான். ஊரைக் கூட்டி, ஒப்பாரி வைத்து, ஐஸ் பெட்டி வரைக்கும் வாசலுக்கு வரவழைத்துவிட்டேன். இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் பல பேர் நினைக்கிறார்கள். நானும் இரண்டு நாள் வெட்கப்பட்டுத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு போன் வந்தது, அதோடு வெட்கம் போய்விட்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்கு அந்தப் புதன் கிடைத்தது.

நான் கார்ட்டூன் வரைகிறவள். சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோ, குழந்தைகள் சேனல் ஒன்றுக்குத் தொடர் செய்து கொடுக்கிறது. அவர்களுக்காகத் திருக்கோகர்ணத்தில் என் புகுந்த வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஆடு, மாடு, பேசுகிற கத்தரிக்காய் என்று வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கணவர் கத்தாரில். வீட்டில் நான், மாமனார், மாமியார் மூன்று பேர்தான்.

மாமனார் டவுன் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் வைத்திருந்ததே சட்டத்துக்காகத்தான். பின்படியில் நின்று "உள்ள போ, உள்ள போ" என்று ஒரு சத்தம் போட்டால் டிரைவரே எழுந்து உள்ளே போய்விடுவார் என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் யாராவது "மருமக என்ன பண்ணுது?" என்று கேட்டால், "மாடியில பொம்மை போட்டுக்கிட்டு இருக்கு" என்பார். (அதையும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.) நான் பி.எட். முடித்தவள் என்பது அவருக்குத் தினமும் ஞாபகம் வரும்.

அந்த வருடம் ஸ்டுடியோவில் ஒரு முடிவெடுத்தார்கள். வெளியூரில் இருந்து வேலை பார்ப்பவர்கள் சென்னைக்கு வந்துவிட வேண்டும், முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம். நான் போனில் அழாத குறையாகப் பேசியதில், அங்கே எனக்கு மேலே இருந்த மீரா மேடம் ஒரு வழி சொன்னார்.

"ஒரு எபிசோடு முழுசா நீயே பண்ணு செல்வி. கதை, படம், சத்தம் எல்லாம். சேனல்ல பிடிச்சுதுன்னா நீ உன் ஊர்ல இருந்தே தொடரை நடத்து. ரெண்டு வாரம் டைம். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துரணும். அஞ்சு அஞ்சுக்கு வந்தா நான் திறந்துகூடப் பாக்க மாட்டேன்."

இதை மாமனாரிடம் சொன்னேன். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை வளர்பிறை. பொம்மை தேறலைன்னா அன்னைக்கே பள்ளிக்கூடத்துல டீச்சராச் சேந்துரு. நாலாம் வகுப்பு. பேசியாச்சு" என்றார்.

பிள்ளைகள் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் ஐந்து வயதில் இருந்து நான் செய்கிற ஒரே உருப்படியான காரியம் வரைவது. அதைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று நிஜமாகவே பயந்தேன். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேடம் கொடுத்த தலைப்பு, புயல் துரத்தும் சாகசம். வெளிநாட்டில் சில பேர் ஜீப்பில் ஏறிக்கொண்டு, கேமராவும் கையுமாகப் புயலுக்குப் பின்னாலேயே ஓடுகிறார்களாம். அதைக் கிண்டல் செய்து ஒரு கார்ட்டூன் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தடவை நிஜப் புயல் வந்து தென்னை, பலா என்று எல்லாவற்றையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதை வைத்துச் சிரிக்க எனக்கு மனசில்லை.

ஆனால் மற்ற வருடங்களில் நடப்பது வேறு. வங்கக் கடலில் ஏதோ ஒன்று உருவாகும். டி.வி.யில் அம்புக்குறி போட்டு எங்கள் ஊரைக் காட்டுவார்கள். நாங்களும் மொட்டை மாடியில் காய்கிற வடகத்தை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்போம். அது கரைக்குப் பக்கத்தில் வந்து, யோசித்து, ஆந்திராவுக்குத் திரும்பிவிடும். எங்கள் கண்மாயில் நாய் படுத்துத் தூங்கும். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கதை பிடிபட்டது. எங்கள் ஊரில் யாரும் படம் எடுக்கப் புயலைத் துரத்த மாட்டார்கள். தண்ணீருக்குத்தான் துரத்துவார்கள்.

கதை இதுதான். ஒரு சின்னப் புயல், கொஞ்சம் கோழை. அதைக் குடமும் கையுமாக ஒரு மினி லாரியில் பத்துப் பெண்கள் துரத்துகிறார்கள், "நில்லுடா, ரெண்டு குடம் ஊத்திட்டுப் போடா" என்று. புயல் பயந்து ஓடுகிறது. பிடிக்க முடியாமல் கடைசியில் பெண்கள் மழைச்சோறு எடுக்கிறார்கள். மழை பெய்யாத வருடங்களில் எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம் அது. வீடு வீடாகச் சோறு வாங்கி, ஒன்றாகப் பிசைந்து தின்று, "எங்களைக் கைவிட்டுட்டியே" என்று மழையை நினைத்து ஒப்பாரி வைப்பார்கள். அதைக் கேட்டு வெட்கப்பட்டு மழை வரும் என்பது நம்பிக்கை. என் கதையிலும் புயலுக்கு ரோஷம் வந்து, திரும்பி வந்து, கத்திக்கொண்டே கொட்டித் தீர்க்கும்.

படமெல்லாம் வரைந்துவிட்டேன். சத்தம்தான் உதைத்தது. புயலுக்கு நானே குரல் கொடுத்து மாதிரிக்கு அனுப்பியிருந்தேன். கேட்டுவிட்டு மேடம் சொன்ன ஒரே வாக்கியம், "செல்வி, இது புயல் மாதிரி இல்ல, டேபிள் ஃபேன் மாதிரி இருக்கு." நான் வேறு குரலுக்கு எங்கே போவேன்? அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒப்பாரியையாவது ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்று புதன்கிழமை காலையில் இறங்கினேன்.

என் புத்திசாலித்தனத்தின் உச்சம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருவில் கீரை விற்கும் வெள்ளையம்மா அக்கா, சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவர். அவர் வந்து வாய் திறந்தால் சொத்துத் தகராறில் முறைத்துக்கொண்டு நிற்கிற பங்காளிகூட அழுதுவிடுவான். அவரிடம் கெஞ்சி, கூட நாலு பெண்களோடு பத்து மணிக்கு வரச் சொன்னேன். மாமனார் ஒன்பதரைக்கே முடிவெட்டிக்கொள்ள டவுனுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே முடிவெட்டுகிறவர் அவருடைய பால்ய சிநேகிதர், தலையில் அரை மணி நேரம், அரசியலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு நிம்மதி. வீட்டில் பெரிய சத்தம் இல்லாமல் வேலை பார்க்கலாம்.

முன்னறையில் இடம் வேண்டும் என்று அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் எடுத்து வெளியே தெருவில் போட்டேன். சும்மா போட்டிருந்தாலும் பரவாயில்லை. எனக்குத்தான் எதிலும் ஒழுங்கு வேண்டுமே, இரண்டு வரிசையாக, அழகாக அடுக்கிப் போட்டேன். பிறகு எதிரொலி வரக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, கதவைத் தாழ் போட்டு, சுவர் முழுக்கப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டேன். நடுவில் ரெக்கார்டரை வைத்தேன்.

வெள்ளையம்மா அக்கா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "யாரு தாயி செத்தது? ஆளு தெரியாம எப்புடி அழுகிறது?" என்றார்.

"மழைக்குத்தான்க்கா. மழை நம்மள விட்டுட்டுப் போயிருச்சுன்னு நெனச்சுக்கங்க."

"மழை போயி எம்புட்டு நாளாச்சு, இப்பப் போயி அழச் சொல்ற" என்று முணுமுணுத்தபடி முந்தானையை உதறிவிட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

*"மானம் கறுக்கலையே – மகராசா*
*மண்ணு நனையலையே*
*எங்களத் தவிக்கவிட்டு – மகராசா*
*எந்தூரு போனியளோ"*

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுப்படியில் இருந்த என் மாமியார் ஈரக்கையோடு ஓடிவந்தார். அழ ஒரு காரணம் வேண்டும் என்று முப்பது வருடமாகக் காத்திருந்தவர் போல, கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு கோரஸில் சேர்ந்துகொண்டார். எல்லாரையும் விட நன்றாக அழுதது அவர்தான்.

நான் சும்மா இருந்தேனா? "அக்கா, ஃபேன் சத்தம் விழுந்துருச்சு, இன்னொருக்கா." "அக்கா, தெருவுல மாடு கத்திருச்சு, மறுபடியும்." "அத்தை, நீங்க மூக்குச் சிந்துனது தனியாக் கேக்குது." இரண்டு மணி நேரம் விடாமல் அழ விட்டேன்.

"நெச எழவு வீட்டுலகூட இம்புட்டு நேரம் அழுக விடமாட்டாங்க தாயி. காபித்தண்ணியாச்சும் குடுப்பாங்க" என்றார் வெள்ளையம்மா அக்கா.

போர்வைக்குள் இருந்த எங்களுக்கு மாட்டுச் சத்தம் தவிர வெளியே நடப்பது ஒன்றும் கேட்கவில்லை. வெளியில் இருந்தவர்களுக்கு உள்ளே நடப்பது நன்றாகவே கேட்டிருக்கிறது. வாசலில் இரண்டு வரிசை நாற்காலி. உள்ளே ஒப்பாரி. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இதற்கு அர்த்தம் தெரியும். போதாததற்கு, முதல் நாள் சாயங்காலம் மாமனாருக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். (வாய்வு. மதியம் மொச்சைக்கொட்டை.) கூட்டிப் போனது எங்கள் தெருமுனை ஆட்டோ முருகேசன். அவன்தான் முதலில் நாற்காலியைப் பார்த்தவன்.

"நேத்து ஆட்டோவுலயே பாத்தேன். மொகமே சரியில்ல" என்று அவன் டீக்கடையில் சொன்னானாம். மாமனார் போனுக்கு இரண்டு தடவை அடித்தார்கள், யாரும் எடுக்கவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? ஆண்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள குளிப்பாட்டுறாக போல" என்று நடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கதவைத் தட்டவில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த தெரு எங்களுடையது. முருகேசன் பொறுப்பான பையன். கறம்பக்குடிக்குப் போன் போட்டுச் சேதி சொன்னான். அடுத்து ஐஸ் பெட்டிக்குச் சொன்னான்.

கறம்பக்குடியில் இருப்பது மாமனாரின் ஒரே தங்கை. எனக்குச் சின்னம்மா முறை. அண்ணனும் தங்கையும் பேசி எட்டு வருடம். சின்னம்மா மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனாகிய இவர் பெயர் மூன்றாவது வரிக்குப் போய்விட்டதாம். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து, நடுவில் வந்த அந்த நிஜப் புயலில் சின்னம்மா வீட்டுக் கூரை போனபோதுகூட, இங்கிட்டும் அங்கிட்டும் போக்குவரத்து கிடையாது. இந்தப் பேச்சை எடுத்தாலே மாமனார் எழுந்து வெளியே போய்விடுவார்.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. எரிச்சலோடு போர்வையை விலக்கித் திறந்தேன். இரண்டு பேர் நீளமான கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, ஐஸ் பெட்டி. பிளக் பாயிண்டு எங்கிட்டு இருக்கு?" என்றான் ஒருவன்.

அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நாற்பது பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்துத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. மாலையும் கோடித் துணியுமாகக் கறம்பக்குடிச் சின்னம்மா குதித்து இறங்கினார்.

"சின்னம்மா, அது வந்து, மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தாயி" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அங்கே தலைவிரி கோலமாக, கண் சிவந்து உட்கார்ந்திருந்த என் மாமியாரைப் பார்த்தார். "மதினீ" என்று கட்டிப் பிடித்தார். என் மாமியார் பாவம், எதற்கென்று தெரியாவிட்டாலும் எட்டு வருடம் கழித்து நாத்தனார் வந்து கட்டிப் பிடித்ததில் அவரும் ஓவென்று அழுதார். வெள்ளையம்மா அக்கா தொழில் தெரிந்தவர். புது ஆள் வந்ததும் ராகத்தைப் பிடித்துக்கொடுத்தார். சின்னம்மா எடுத்துவிட்டார்.

*"விசிலடிச்சா வண்டி நிக்கும் – எங்கண்ணே*
*வெரலசைச்சாக் கூட்டம் நிக்கும்*
*எமன் வந்து விசிலடிக்க – எங்கண்ணே*
*எறங்கிப் போனதென்ன"*

வாசலில் இருந்த ஆண்கள் எல்லாரும் அழுதார்கள். நான் "ஐயோ, நிறுத்துங்க, மாமா நல்லாருக்காரு" என்று கத்தினேன். துக்கம் தாங்காமல் பிதற்றுவதாக நினைத்து இரண்டு பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

அப்போதுதான் பின்வாசலைப் பார்த்தேன். முடிவெட்டிவிட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் மாமனார் எப்போதும் பின்பக்கச் சந்து வழியாக வந்து, கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றும் அப்படியே வந்திருக்கிறார். இடுப்பில் ஈரத் துண்டோடு, கதவுக்குப் பின்னால் மறைவாக நின்றுகொண்டிருந்தார். நான் கையைக் காலை ஆட்டினேன். அவர் உதட்டில் விரலை வைத்து, "இரு" என்று ஜாடை காட்டினார்.

மனுஷன் தன்னுடைய ஒப்பாரியை நின்று ரசித்துக்கொண்டிருக்கிறார்.

*"சில்லறைக்குச் சண்டையில்ல – எங்கண்ணே*
*சின்னப்புத்தி கண்டதில்ல"*

அதற்கு ஒரு தலையாட்டல். (அவரிடம் மீதிச் சில்லறை கேட்டுக் கிடைக்காமல் இறங்கிப்போன சனத்தில் பாதி வெளியே நாற்காலியில் இருந்தது.) அவர் கண் கலங்கியிருந்தது. இன்னும் நாலு வரி அவரை இப்படியே புகழ்ந்திருந்தால் சாயங்காலம் வரை நின்றிருப்பார். சின்னம்மா அடுத்த வரிக்குப் போனார்.

*"பத்திரிகையில் பேரு போனது – எங்கண்ணே*
*பிரஸ்காரன் செஞ்ச பெழ*
*புயலடிச்சு நாஞ்சாஞ்சப்ப – எங்கண்ணே*
*எட்டிக்கூடப் பாக்கலையே"*

கதவு சுவரில் போய் அறைந்தது.

"நிறுத்து. எவ சொன்னா எட்டிப் பாக்கலைன்னு? வந்தேன். நான் வந்தேன். ரோட்டுல நின்னு பாத்தேன். நீ கூப்புடல, நான் உள்ள வரல. அம்புட்டுத்தான். யாருக்கு யாரு ஒப்பாரி வைக்கிறது? நான் உசுரோடதான் இருக்கேன். இன்னொரு தடவ வரலைன்னு சொன்னா எல்லாத்தையும் தொலைச்சுப்புடுவேன்."

முப்பது வருட டவுன் பஸ் குரல் மொத்தமும் அதில் இருந்தது. ஐஸ் பெட்டிக்காரர்கள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆட்டோ முருகேசன் நாற்காலியோடு மல்லாந்தான். ஈரத் துண்டும் திருநீறு இல்லாத நெற்றியுமாக வந்து நின்ற உருவத்தைப் பார்த்து வேனில் வந்த ஒரு பெண் மயக்கம் போட்டுவிட்டார்.

சின்னம்மா மட்டும் அசையவில்லை. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையில் இருந்த மாலையாலேயே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"உசுரோட இருந்துக்கிட்டா எட்டு வருசம் பேசாம இருந்த?"

"தார்ப்பாயி யாரு குடுத்தா? அரிசி மூட்டை யாரு குடுத்தா?" மாமனார் குரல் இறங்கவே இல்லை. "கட்சிக்காரன் குடுத்தான்னா நெனச்ச? நான்தான் குடுக்கச் சொன்னேன்."

சின்னம்மாவுக்கு வாய் கோணிக்கொண்டு போனது. எங்களுக்கும் அது புதுச் செய்தி. என் மாமியாருக்கே தெரியாது. புயல் அடித்த வாரத்தில் மூன்று நாள் இவர் "பென்சன் விசயமா" என்று சொல்லிக் காணாமல் போனது எதற்கென்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"நல்லாத்தான் அழுத" என்றார் மாமனார். "ஆனா அந்தப் பிரஸ்காரன் விசயம் பொய்யி."

"ஆமா, பொய்தான்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார் சின்னம்மா. "நாந்தான் மூணாவது வரியில போடச் சொன்னேன். நிச்சயத்தன்னைக்கு நீ எம்மாப்பிள்ளைய ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லல. எனக்குக் கோவம்."

"அப்புடிச் சொல்லு. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல."

இருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் மறுபடி அழுதார்கள். அந்த நேரத்தில் ஒரு நல்ல மருமகள் என்ன செய்திருக்க வேண்டும்? கூட நின்று கண்ணைத் துடைத்திருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு தட்டியதும் நான் அதை அணைக்கவே இல்லை.

எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். யாரோ "பாவம், அதிர்ச்சியில ஓடுது" என்றார்கள்.

காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். "வந்தேன். நான் வந்தேன். ரோட்டுல நின்னு பாத்தேன். நீ கூப்புடல, நான் உள்ள வரல." இதைவிடப் பொருத்தமாக ஒரு புயல் என்ன பேசும்? எங்கள் மாவட்டத்து ஓரமாக வந்து, நின்று, பார்த்து, திரும்பிப் போகிற ஒவ்வொரு புயலும் சொல்ல வேண்டிய வசனம் அது. நான் இரண்டு வாரம் தலையால் தண்ணீர் குடித்து எழுதிய வசனத்தை எல்லாம் அழித்தேன். கோழைப் புயலின் வாயை மாமனார் குரலுக்கு ஏற்ற மாதிரி பெரிதாக்கினேன். கையோடு கொஞ்சம் மீசையும் போட்டேன்.

கீழே அதற்குள் வேறு பஞ்சாயத்து. சாவு வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் சாவு இல்லை. ஒப்பாரி கேட்டாயிற்று, ஆள் இருக்கிறார், குளிப்பதா வேண்டாமா? எதிர்வீட்டுப் பெரியவர், "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டியப்பா, இது நல்ல காரியம், கை கழுவிட்டு உக்காருங்க" என்று தீர்ப்புச் சொன்னார். என் மாமியாரும் சின்னம்மாவும் சேர்ந்து நாற்பது பேருக்குச் சாம்பார் சாதம் ஆக்கினார்கள். மாலைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சுற்றுச்சுவரில் தொங்கவிட்டார்கள், தெரு ஆடுகள் தின்றுவிட்டன.

நாலரை மணிக்கு எபிசோடு தயார். அனுப்பும் பட்டனை அழுத்தினேன். இரண்டு சதவீதத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். மொட்டை மாடிக்கு ஓடினேன், படிக்கட்டுக்கு வந்தேன், போனைத் தலைக்கு மேல் தூக்கினேன். நகரவில்லை. பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு நாற்பது பேரும் தெருவில் நின்று ஆளுக்கொரு போனில், "சாகலப்பா, இருக்காரு, இந்தா வீடியோவுலயே காட்டுறேன்" என்று ஊரெல்லாம் மறுப்புச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். டவரில் எனக்கு ஒரு பொட்டு இடம்கூட மிச்சமில்லை.

நாலு நாற்பது. படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெள்ளையம்மா அக்கா அன்று அழுததை எல்லாம் தோற்கடிக்கிற அழுகை. மாமனார் மேலே வந்தார்.

"என்னத்தா, நான் இருக்கேன்ல, இன்னும் எதுக்கு அழுகிற?"

சொன்னேன். இருபது நிமிடம் இருக்கிறது, போகவில்லை, இது போகாவிட்டால் எல்லாம் போச்சு என்றேன். அவர் என் மடிக்கணினித் திரையில் மீசை வைத்த புயலைக் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போனார்.

"ஏப்பா, எல்லாரும் போனை அமத்துங்க. என் மருமக வேல பாத்துக்கிட்டு இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் ஒருத்தன் கையில போனு இருக்கக்கூடாது."

தெருவே அடங்கியது. வேலை என்றார். பொம்மை என்று சொல்லவில்லை. எனக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது, ஆனாலும் ஒரு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டேன். பத்து, முப்பது, எழுபது. நாலு ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகப் பருத்திப் புடவையைத் தேய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு மீரா மேடம் கூப்பிட்டார்.

"செல்வி, சேனல்ல எல்லாரும் சிரிச்சுப் புரண்டுட்டாங்க. தொடர் உனக்குத்தான். ஊர்லயே இரு. ஆனா ஒரு கண்டிஷன், அந்தப் புயல் ஒவ்வொரு எபிசோடுலயும் வரணும். யாரு அந்த வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்?"

மாமனார் அப்போது கறம்பக்குடி பஸ்ஸில் இருந்தார். எட்டு வருடம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போகிறார், மடியில் வாழைத்தார். போன் போட்டு, "மாமா, எனக்கு வேலை நிலைச்சிருச்சு" என்றேன். இரண்டு நாளாக அவருக்குச் செய்தி என்ற சொல்லின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

"கார்ட்டூனா, நெசமா?" என்றார்.

"ரெண்டும்தான் மாமா."

அந்தப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும், ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும், என் வேலை நிலைத்த செய்தி அடுத்த நொடியே தெரிந்துவிட்டது.

எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் யார் என்ன செய்தி சொன்னாலும் முதல் கேள்வி "கார்ட்டூனா, நெசமா?" என்பதுதான். சின்னம்மா பேத்தி பரீட்சையில் தேறியதற்கும் அதையே கேட்டார்கள். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று சொன்னபோது லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பியிருந்த என் கணவரும் அதையே கேட்டார். (வந்த பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டார்.) மாமனார் இதுவரை நாற்பது எபிசோடுகளுக்குக் கத்தியிருக்கிறார். அவரிடம் இப்போது ஒரே ஒரு மனக்குறை இருக்கிறது, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் நெசமாப் போறன்னைக்கு ஒரு பய நம்பப் போறதில்ல. ஒருத்தனும் வரமாட்டான். அதான் போறதையே விட்டுட்டேன்."